பழைய பிலிம் கேமரா: வாங்குவதும் மீட்டெடுப்பதும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பிலிம் கேமரா ஒன்று இன்று நம் கைக்கு வரும்போது, அது பெரும்பாலும் உழைத்துக் கெட்டதாக இருப்பதில்லை. கிடந்து கெட்டதாகவே இருக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து சுருள் படம் எடுத்துவிட்டு, பிறகு டிஜிட்டல் கேமரா வந்ததும் தோலுறையோடு அலமாரியில் வைத்து மறந்துபோன கருவிகளே சந்தைக்கு மிகுதியாக வருகின்றன. அவற்றின் பற்சக்கரங்களுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் பொதுவாக ஒன்றும் ஆகியிருக்காது. மசகு எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். ஒளி கசியாமல் இருக்க ஒட்டிய நுரைப்பஞ்சு உருகித் தார் போலாகியிருக்கும். உறைக்குள் தங்கிய ஈரம் லென்ஸில் பூஞ்சையாகப் படர்ந்திருக்கும். எடுக்க மறந்த பேட்டரி கசிந்து செம்புத் தகட்டை அரித்திருக்கும். வாங்கும்போது இந்த நான்கையும் தேடிப் பார்க்க வேண்டும். வாங்கியபின் இவற்றுள் எதில் கை வைக்கலாம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று பிரித்தறிய வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் நான் கெடுத்த கேமராக்கள் எல்லாம் இரண்டாவதில் தவறியதால் கெட்டவையே.

எதை வாங்குவது

முதல் கேமராவாக, பேட்டரி இல்லாமலேயே ஷட்டர் இயங்கும் இயந்திர வகை எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் ஒரு கண்ணாடி நம் கண்ணுக்குக் காட்டும் கேமரா) ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1976 முதல் 1997 வரை தயாரிப்பில் இருந்த பென்டாக்ஸ் கே1000, 1977இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம், 1966இல் வந்த மினோல்ட்டா எஸ்ஆர்டி 101, எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-1 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே தேவைப்படுகிறது. ஒளிமானி இறந்துவிட்டாலும் கையால் கணக்கிட்டுப் படம் எடுக்கலாம். மாறாக, 1976இல் வந்த கேனான் ஏஇ-1 ஆறு வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டரைத் திறக்கவே திறக்காது. அது நல்ல கேமராதான். ஆனால் அதன் மின்சுற்று பழுதானால் இன்னொரு ஏஇ-1-ஐ உடைத்து உதிரி எடுப்பதைத் தவிர வேறு வழி அரிது. எண்பதுகளுக்குப் பின் வந்த, எல்லாம் தானாக நடக்கும் சிறிய கேமராக்களை இயங்கினால் வைத்துக்கொள்ளலாம், இயங்காவிட்டால் திறக்கக் கூடாது. அவற்றின் ஃபிளாஷுக்கான மின்தேக்கி பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தத்தை நெடுநேரம் தாங்கி நிற்கக்கூடும். விரல் பட்டால் கடுமையாகத் தாக்கும்.

கேமராவின் அழகில் மயங்குவதற்கு முன் அதற்குரிய பிலிம் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1934இல் கோடாக் அறிமுகம் செய்த 135 வகைக் குப்பியும், 1901 முதல் இருந்துவரும் 120 வகைச் சுருளும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. 620 வகைக் கேமராவில் பயன்படுவது 120 பிலிமின் அதே அகலந்தான்; அதைச் சுற்றிவைக்கும் அச்சு மட்டும் மெலிந்தது. எனவே இருட்டறையில் ஒரு சுருளை அச்சு மாற்றிச் சுற்றும் பொறுமை உள்ளவர்கள் அதையும் வாங்கலாம். ஏபிஎஸ் என்னும் குப்பி வகைப் பிலிமின் தயாரிப்பு 2011இல் நின்றுவிட்டது. 126 குப்பியின் கதையும் ஏறத்தாழ அதுவே. அந்தக் கேமராக்களை அலமாரி அழகுக்காக மட்டும் வாங்கலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

முதலில் திருகாணிகளின் தலைகளைப் பாருங்கள். தூசி படிந்து, தோல் மங்கி, ஆனால் திருகாணித் தலைகள் கூர்மை மாறாமல் இருந்தால் அந்தக் கேமராவை யாரும் திறக்கவில்லை என்று பொருள்; அதன் நோய் இயற்கையான நோய். மேற்புறம் பளபளவென்று துடைக்கப்பட்டு, திருகாணித் தலைகள் மட்டும் வழன்று சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார். அவர் எதை வெளியே எடுத்தார், எதைத் திரும்ப வைக்க மறந்தார் என்பது நமக்குத் தெரியாது. தூசி படிந்ததையே நான் வாங்குவேன்.

அடுத்து பேட்டரி அறையின் மூடியை ஒரு நாணயத்தால் திறந்து பாருங்கள். வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருப்பது மேற்பரப்பில் மட்டும் இருந்தால் துடைத்துவிடலாம். மூடியே அசையாத அளவுக்கு இறுகியிருந்தால், அரிப்பு கம்பி வழியாக உள்ளேயும் சென்றிருக்கும் என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

பின்கதவைத் திறந்ததும் ஷட்டர் திரையைக் கண்ணால் மட்டும் பாருங்கள். ரப்பர் பூசிய துணித் திரையாயின் சுருக்கமும் நுண்துளையும் இருக்கக்கூடும். உலோகத் தகடுகளாயின் ஒடுங்கலோ எண்ணெய்க் கறையோ விரல்ரேகையோ தெரியும். விரல்ரேகை ஒன்று பழைய தகட்டில் பதிந்து அரித்திருப்பதைக் கண்டால், அந்தத் தவறை நாமும் செய்யாமல் இருப்போம். கதவு பொருந்தும் பள்ளத்தில் ஓர் ஈர்க்குச்சியை வைத்து எடுத்தால் கருமையாக ஒட்டிக்கொண்டு வருவது நுரைப்பஞ்சின் மிச்சம். அதற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம், பழுது என்னவோ ஒரு மாலை வேலைதான்.

இப்போது பிலிம் இல்லாமல் நெம்புகோலை இழுத்து ஷட்டரை இயக்குங்கள். நெம்புகோல் தடைபட்டால் ஒருபோதும் பலம் காட்டக் கூடாது; ஷட்டர் ஏற்கெனவே ஏற்றப்பட்டு, அடுத்த படத்துக்கு ஆயத்தமாக இருக்கலாம். சில பழைய மாதிரிகளில் பிலிமின் துளைகள் இழுக்கும் பற்சக்கரம் சுழன்றால்தான் ஷட்டர் ஏறும். அவற்றில் பின்கதவைத் திறந்து அந்தச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்க்காமல் பழுது என்று முடிவு செய்யக் கூடாது. ஃபெட், ஸோர்க்கி போன்ற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்களில் (இரு பிம்பங்களை ஒன்றாக்கிக் குவிக்கும் கேமராக்களில்) முதலில் நெம்பி ஏற்றிவிட்டே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் மாற்றினால் உள்ளே இருக்கும் அமைப்பு உடையக்கூடும். விற்பவரே இதை அறியாமல் திருகிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

1 வினாடி வேகத்தில் வைத்துக் காதால் கேளுங்கள். பற்சக்கரம் ஒரே சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் இழுத்து இழுத்து ஓடினாலோ, பாதியில் நின்று ஒரு தட்டலுக்குப் பின் முடிந்தாலோ, எண்ணெய் காய்ந்திருக்கிறது. இது மிகப் பொதுவான குறை, அச்சப்பட வேண்டியதும் அன்று. மிகை வேகத்தில் வரும் குறைதான் கடினமானது. லென்ஸைக் கழற்றி, பின்கதவு திறந்திருக்க, வெளிச்சமான சுவரை நோக்கி 1/1000 வினாடியில் இயக்கிப் பாருங்கள். சட்டகம் முழுதும் ஒரு மின்னலாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருண்டே இருந்தால், ஷட்டரை மூடும் இரண்டாவது திரை அதைத் திறக்கும் முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்வது பயிற்சி பெற்ற கைகளின் வேலை. 1/500 வரை நன்றாக இருந்தால், 1/1000-ஐ மறந்துவிட்டுக் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

தானாக இயங்கும் டைமரின் நெம்புகோலைத் தொடாதீர்கள். அதுதான் எல்லோரும் மிக அரிதாகப் பயன்படுத்திய உறுப்பு. ஆகவே அதில்தான் எண்ணெய் மிக அதிகமாக இறுகியிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கேமராவின் டைமரை, வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் நான் கீழே இழுத்தேன். அது பாதி வழியில் நின்றது, கண்ணாடி மேலே தூக்கியபடி கேமராவும் நின்றுபோனது. அதைப் பிரித்து மீட்க மூன்று வாரம் ஆயிற்று.

லென்ஸை ஒரு சிறு டார்ச் ஒளியில் இரு புறமிருந்தும் சாய்த்துப் பாருங்கள். தூசி எதையும் செய்யாது; பத்துத் துகள்கள் இருந்தாலும் படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல் கிளைத்த இழைகள் பூஞ்சை. பால் படிந்தது போன்ற மங்கல், காய்ந்த மசகிலிருந்து எழுந்த ஆவி. ஓரத்தில் வானவில் நிறமோ குமிழியோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விலகியிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முயலக் கூடாது. முன் கண்ணாடியின் மெல்லிய கீறலைவிடப் பின் கண்ணாடியின் கீறல் படத்தை அதிகம் கெடுக்கும். ஒளி நுழையும் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் வறண்டிருக்க வேண்டும். எண்ணெய் பளபளத்தால் அவை சுருங்கத் தாமதமாகும், படம் மிகை ஒளியில் வெளிறும்.

கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் கரும்பழுப்பான திட்டு தெரிந்தால் ஓஎம்-1 போன்றவற்றில் அது தூசியாக இராது. மேலுள்ள ஐங்கோணப் பட்டகத்தின் மீது வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு அழுகி, வெள்ளிப் பூச்சை அரித்த தடம் அது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவாயின் தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றைப் பார்த்து, குவிப்பு வளையத்தை முடிவிலியில் வைத்தால் இரு பிம்பங்களும் ஒன்றாகின்றனவா என்று சோதிக்கவும். 1967இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 போன்று செலினியம் செல்லில் இயங்கும் ஒளிமானியுள்ளவற்றில் பேட்டரி கிடையாது. வெளிச்சத்தில் திருப்பும்போது முள் அசையவில்லை என்றால், அந்தச் செல்லை உயிர்ப்பிக்க வழியில்லை.

நேரில் பார்க்க முடியாமல் இணையத்தில் வாங்குவோர், பின்கதவு திறந்த நிலையில் ஒரு படம், லென்ஸின் ஊடாக ஒளியைப் பாய்ச்சி ஒரு படம், 1 வினாடி வேகத்தில் ஷட்டர் ஓடும் ஒலியுடன் ஒரு காணொளி ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். 'சோதிக்கவில்லை' என்று எழுதப்பட்ட கேமராவை 'ஓடவில்லை' என்றே வாசித்து, அந்த விலைக்கு மட்டும் வாங்க வேண்டும்.

கருவிகளும் மேசையும்

ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல் குறித் திருகாணிகள் ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் ஆழமாக உட்காராமல் மேலே வழுக்கும். சிதைந்த திருகாணித் தலைகள் பிறப்பது இப்படித்தான். ஜே.ஐ.எஸ். திருப்புளிகளில் சிறிய அளவுகள் சில, லென்ஸ் வளையங்களைத் திருக இருமுனைக் கருவி ஒன்று, கூர்முனை இடுக்கி, காற்றை ஊதும் ரப்பர்ப் பந்து, மூங்கில் குச்சிகள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், லைட்டரில் ஊற்றும் நாஃப்தா ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள்; குண்டூசித் தலையளவு ஸ்பிரிங் ஒன்று துணியில் விழுந்தால் நிற்கும், பளிங்கில் விழுந்தால் பாயும். ஒவ்வொரு திருகாணியை எடுக்கும் முன்பும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பிறகு நேரத்தை மிச்சப்படுத்தும். துருவை நீக்கும் பீய்ச்சு எண்ணெய்களைக் கேமராவின் அருகிலேயே வைக்க வேண்டாம். அவை இரண்டு நாளைக்கு அற்புதம் செய்யும். பிறகு ஷட்டர் தகடுகளுக்கும் லென்ஸுக்கும் பரவி எல்லாவற்றையும் ஒட்டவைக்கும்.

நுரைப்பஞ்சை மாற்றுதல்

எல்லோரும் தாமே செய்துகொள்ளக்கூடிய, செய்ய வேண்டிய வேலை இது. பின்கதவின் பள்ளங்களிலும் கீல் ஓரத்திலும், எஸ்.எல்.ஆர். எனில் கண்ணாடி மேலே மோதும் இடத்திலும் நுரைப்பஞ்சு இருக்கும். பழையதை ஆல்கஹாலில் நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நுனியை உளி போல் சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். உலோகக் கருவி கறுப்புப் பூச்சையும் சேர்த்துச் சுரண்டிவிடும். ஷட்டர் திரையின் மேல் ஓர் அட்டைத் துண்டை மறைப்பாக வைத்து, கேமராவின் பின்பக்கம் தரையை நோக்குமாறு பிடித்துக்கொண்டால் துகள்கள் உள்ளே போகாமல் வெளியே விழும். ஒரு துகள் திரையின் மடிப்பில் ஒட்டினால்கூட ஷட்டர் வேகம் மாறும். ஆகவே சுரண்டும் நேரத்தைவிட மறைப்பு வைக்கும் நேரம் அதிகமானாலும் வருந்த வேண்டாம்.

புதிய நுரைப்பஞ்சாக, பின்புறம் பசையுள்ள கறுப்பு நுரைத்தாளை வாங்கி இழைகளாக வெட்டிக்கொள்ளலாம். குறுகிய பள்ளங்களுக்கு 1 மில்லிமீட்டர் தடிமனும், கீல் ஓரத்துக்கும் கண்ணாடி மோதும் இடத்துக்கும் 2 மில்லிமீட்டர் அளவும் பெரும்பாலும் பொருந்தும். தடிமன் மிகுந்தால் கதவு பூட்டிக்கொள்ளச் சிரமப்படும். பூட்டின் கொக்கி நாளடைவில் வளையும். இழையைப் பள்ளத்தில் வைக்கும்போது பசை உடனே பிடித்துக்கொண்டு கோணலாகும் தொல்லை உண்டு. பசைப்புறத்தை நாவால் ஈரமாக்கினால் சில நிமிடங்கள் அது வழுக்கும்; அதற்குள் நேராக நகர்த்தி அமைத்துவிடலாம். அநாகரிகமாகத் தோன்றினாலும் இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. மிகக் குறுகிய பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தாலும் ஒளி புகாது.

கண்ணாடி மோதும் இடத்தின் நுரைப்பஞ்சு, வியூஃபைண்டருக்கான பிம்பம் விழும் குவிப்புத் திரைக்கு மிக அருகில் இருக்கிறது. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து வேலை செய்தால் துகள்கள் திரையின் மேல் விழும். நிமிர்த்தியே பிடித்து, கீழேயுள்ள கண்ணாடியை மெல்லிய தாளால் மூடி, இடுக்கியால் பழையதைக் கிள்ளி எடுக்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு முன்பரப்பிலேயே இருப்பதால் அதைத் துடைக்கக் கூடாது, காற்றால் ஊதலாம். குவிப்புத் திரை பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆரம்ப நாள்களில் அதன் மேலிருந்த ஒரு கரும்புள்ளியை ஆல்கஹாலால் துடைத்தேன். புள்ளி போயிற்று, திரை முழுதும் மூடுபனி வந்தது. அந்தப் புள்ளி படத்தில் ஒருபோதும் விழுந்திருக்காது. வியூஃபைண்டரில் தெரியும் அழுக்கு பிலிமில் தெரியாது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

பேட்டரி

கசிந்த ஆல்கலைன் பேட்டரியின் பூப்பு காரத்தன்மை உடையது. வெள்ளை வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் தொட்டால் அது நுரைத்துக் கரையும். பிறகு நீரில் நனைத்த குச்சி, அதன்பின் ஆல்கஹால் என்ற வரிசையில் துடைத்து உலரவிட வேண்டும். தகடு வெளுத்த பிறகும் ஒளிமானி அசையாவிட்டால், அறையிலிருந்து செல்லும் கம்பியின் உறைக்குள் அரிப்பு நுழைந்திருக்கும். அந்த ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைப்பது கடினமன்று.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் தரும் பாதரச பேட்டரியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. பிஎக்ஸ்625 என்பது அவற்றுள் பரவலானது. பாதரசத்தின் நச்சுத்தன்மை கருதி அவற்றின் விற்பனை பல நாடுகளில் தொண்ணூறுகளில் நின்றுபோயிற்று. அதே வடிவத்தில் இன்று கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கும். பாதரச பேட்டரியோ தீரும் நாள் வரை ஒரே அழுத்தத்தில் நின்றது. இதனால் ஒளிமானியின் பிழை ஒரே அளவில் இராமல் மாறிக்கொண்டே இருக்கும், அதைக் கணக்கில் கழிக்கவும் முடியாது. காது கேட்கும் கருவிகளுக்கான 675 அளவுத் துத்தநாகக்காற்று பேட்டரி ஏறத்தாழ 1.4 வோல்டில் சீராக நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தை வைத்தால் அறையில் பொருந்தும். ஒட்டுத்தாளை உரித்துக் காற்று பட்டதிலிருந்து சில வாரங்களுக்கு, சில வேளை ஓரிரு மாதங்களுக்கு, உழைக்கும். அடிக்கடி மாற்ற விரும்பாதவர்கள், உள்ளே ஒரு டயோடை வைத்து வெள்ளி ஆக்சைடு பேட்டரியின் 1.55 வோல்டைக் குறைத்துத் தரும் சிறிய உறையை வாங்கிக்கொள்ளலாம். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் மின்சுற்று மின்னழுத்த வேறுபாட்டைத் தாங்கும் வகையில் அமைந்தது. அதற்கு இந்தக் கவலை இல்லை.

ஷட்டர்

சோம்பிக்கிடக்கும் ஷட்டருக்கு முதல் மருந்து இயக்கம். எல்லா வேகங்களிலும் ஐம்பது, நூறு முறை இயக்கினாலே இறுகிய எண்ணெய் ஓரளவு இளகும். அதன்பின் அளந்து பார்க்க வேண்டும். நொடிக்கு 240 சட்டகம் பதிவு செய்யும் கைப்பேசி இருந்தால், பின்கதவைத் திறந்து, லென்ஸ் பக்கம் விளக்கை வைத்து, ஷட்டர் திறந்து மூடுவதைப் படம் பிடியுங்கள். ஒளி தெரியும் சட்டகங்களை எண்ணினால் 1/30 வினாடிக்கு 8, 1/60 வினாடிக்கு 4, 1 வினாடிக்கு 240 வர வேண்டும். 1/60-க்கு மேற்பட்ட வேகங்களுக்கு இந்த அளவை நம்பத்தக்கதன்று. 1/30-இல் 9 அல்லது 10 வந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. நெகட்டிவ் பிலிம் அந்தப் பிழையை விழுங்கிவிடும்.

லென்ஸுக்குள் இதழ்களாக அமைந்த ஷட்டர்களில், உதாரணமாக 1972இல் வந்த கேனானெட் க்யூஎல்17 ஜிIII வகைகளில், இதழ்களில் எண்ணெய் படர்ந்து அவை ஒட்டிக்கொள்வதே வழக்கமான நோய். முன் கண்ணாடித் தொகுதியைக் கழற்றி, இதழ்களின் மேல் நாஃப்தாவை ஒரு துளி இரு துளியாக விட்டு, பல முறை இயக்கி, பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். முதல் சுற்றிலேயே ஷட்டர் உயிர்பெறும். பத்து நிமிடத்தில் நாஃப்தா ஆவியாகி, கரைந்த எண்ணெய் மீண்டும் படிந்து நின்றுவிடும். மனம் தளராமல், ஒற்றும் பஞ்சில் கறை வராமல் போகும் வரை நான்கைந்து சுற்றுகள் செய்ய வேண்டும். இதழ்களுக்குப் புதிதாக எண்ணெய் இடவே கூடாது, அவை வறண்டு ஓடுபவை. நாஃப்தா எளிதில் தீப்பற்றும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, அருகில் சுடர் எதுவும் இல்லாமல் செய்யுங்கள். முன் தொகுதியைச் சுழற்றித்தான் குவிக்க வேண்டிய கேமராவாயின், அது எந்த இடத்தில் மரையிலிருந்து விடுபடுகிறது என்பதை ஊசியால் குறித்துக்கொள்ளாமல் கழற்றாதீர்கள். ஒரு மரை தவறிப் பூட்டினால் முடிவிலி பத்தடியில் வந்து நிற்கும்.

எஸ்.எல்.ஆரின் துணித் திரை ஷட்டர் வேறு கதை. இரண்டு திரைகளின் இழுவிசையை எதிரெதிராகச் சமன்செய்ய வேண்டும்; அளக்கும் கருவி இல்லாமல் அந்தத் திருகாணிகளைத் தொட்டவர்கள், தொடாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் கேமராவைவிட மோசமான ஒன்றையே பெறுகிறார்கள். ஏஇ-1 போன்றவற்றில் ஷட்டரை அழுத்தும்போது இருமல் போல் எழும் கீச்சொலி கண்ணாடியை இயக்கும் பற்சக்கரத்தின் வறட்சியால் வருவது. சரியான இடத்தில் ஊசிமுனை அளவு எண்ணெய் இட்டால் அடங்கும். அந்த 'சரியான இடம்' எது என்று பழுதுபார்க்கும் கையேட்டில் பார்த்துக்கொண்டபின் மட்டும் இடவும்.

லென்ஸிலுள்ள பூஞ்சை

கண்ணாடியை வெளியே எடுக்க முடிந்தால், 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் வீட்டு உபயோக அம்மோனியாவையும் சம அளவில் கலந்து, பஞ்சில் தொட்டு மென்மையாகத் துடைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரால் கழுவலாம். இந்தக் கலவையில் குளோரின் சேர்ந்த பிளீச்சை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, அம்மோனியாவோடு அது நச்சு வாயுவைத் தரும். கையுறையும் திறந்த ஜன்னலும் வேண்டும். ஒட்டப்பட்ட இரட்டைக் கண்ணாடிகளை ஊறவைத்தால் பசை கெடும் என்பதால் அவற்றை மேலோட்டமாக மட்டும் துடைக்கவும். பூஞ்சை போன பிறகும் அதன் நிழல் போல் ஒரு தடம் நின்றால், பூச்சு அரிபட்டுவிட்டது; எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்ப்பது மேலும் கெடுக்கும். அப்படிப்பட்ட லென்ஸிலும், சூரியனுக்கு எதிரே எடுக்காத வரை, படங்கள் நன்றாகவே வருகின்றன.

சில பழைய லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கும். சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4-இன் பிந்தைய வடிவம் அவற்றுள் பெயர்பெற்றது. மெல்லிய கதிரியக்கத்தால் அதன் கண்ணாடி தேநீர் நிறமாகும். புற ஊதா ஒளியில் சில நாள்கள் வைத்தால் நிறம் வெளுக்கும். சூரிய ஒளியில் வைப்பவர்கள் பின்புறத்தை அலுமினியத் தாளால் மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் வெயிலைக் குவித்து மேசையைக் கொளுத்திவிடும்.

சோதனைச் சுருள்

வேலை முடிந்த கேமராவில் முக்கியமான நிகழ்ச்சி எதையும் எடுக்காதீர்கள். முதலில், முன்பே கெட்டுப்போன ஒரு சுருளைப் போட்டு, பின்கதவைத் திறந்தபடியே பிலிம் ஒழுங்காக நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு 100 ஐ.எஸ்.ஓ. (பிலிமின் ஒளியுணர்வு அளவு) சுருள் ஒன்றை இட்டு, தெளிந்த வெயிலில் ஒரே காட்சியை 1/125 வினாடியில் எஃப்/16 அப்பர்ச்சர், 1/250-இல் எஃப்/11, 1/500-இல் எஃப்/8, 1/1000-இல் எஃப்/5.6 என நான்கு முறை எடுத்து, எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்கிலும் ஒளியின் மொத்த அளவு ஒன்றே. எனவே நான்கு நெகட்டிவ்களும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். ஒன்று மெலிந்திருந்தால் அந்த வேகம் மிக விரைவு, அடர்ந்திருந்தால் தாமதம். ஒரு சட்டகத்தின் ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் இரண்டாவது திரை எட்டிப் பிடிக்கிறது. தொலைவுக் காட்சி ஒன்றை முடிவிலியிலும், செய்தித்தாள் ஒன்றை மிக அருகிலும் முழுதும் திறந்த அப்பர்ச்சரில் எடுத்து, குவிப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சுருளின் நடுவே ஒரு சட்டகத்தை ஏற்றிவிட்டு, கேமராவை வெயிலில் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி ஐந்து நிமிடம் காட்டிவிட்டுப் பிறகு எடுங்கள். கசிவு எங்கிருக்கிறது என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும். கறை நெகட்டிவின் துளை ஓரம் வரை நீண்டிருந்தால் பின்கதவின் நுரைப்பஞ்சில் குறை. படப் பரப்புக்குள் மட்டும் நின்றால் ஷட்டரிலோ லென்ஸ் பொருந்தும் இடத்திலோ குறை. ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி நெகட்டிவில் தெரிந்தால் துணித் திரையில் நுண்துளை இருக்கிறது. அந்த இடத்தில் நீர்த்த கறுப்புத் துணிச்சாயத்தை மெல்லிய தூரிகையால் ஒரு தொடு தொட்டால் போதும்.

சோதனையில் தேறிய கேமராவைத் தோலுறையில் திரும்ப வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்கு அதுவே வீடு. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை நிற்கும் மூடிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு, ஷட்டரை ஏற்றாத நிலையில், பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, 1 வினாடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வேகத்திலும் நான்கைந்து முறை இயக்கிவிட்டு உள்ளே வைத்தால் போதும்.